கண்ணாடிக்கு அப்பால் ஒரு மீன்

மாணவர்களே, வீட்டுத் தொட்டியில் நீந்தும் மீனைக் கைப்பேசியில் படம் எடுத்ததுண்டா? மீனைவிட உங்கள் முகமும் ஒரு வெள்ளைப் புள்ளியும்தான் படத்தில் தெளிவாக விழுந்திருக்கும். கைப்பேசியைக் குறை சொல்லாதீர்கள். ஒளியின் இயல்பைப் புரிந்துகொண்டால் போதும்.

முதல் சிக்கல் எதிரொளிப்பு. தொட்டியின் கண்ணாடி அறை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. எனவே அறை விளக்கை அணைத்துவிட்டு, தொட்டியின் மேல்விளக்கை மட்டும் எரியவிடுங்கள். லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில் வையுங்கள். பிளாஷ் வேண்டாம். மீனின் தோலிலுள்ள குவானின் படிகங்கள் அந்த ஒளியைப் பளிச்செனத் திருப்பிவிடும். பெரும்பாலான மீன்களுக்கு இமையும் இல்லை. திடீர் ஒளி அவற்றை மிரளச் செய்யும்.

அடுத்தது ஒளிவிலகல். நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33. அதனால் கண்ணாடியிலிருந்து 20 செ.மீ. உள்ளே இருக்கும் மீன், 15 செ.மீ. உள்ளே இருப்பதுபோல் தெரியும். கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்தால் உருவம் சிதையும். கண்ணாடிக்கு நேராகவே பிடியுங்கள்.

மூன்றாவது அசைவு. மீன் ஒரு விநாடிக்கு 20 செ.மீ. நீந்துகிறது என்று கொள்வோம். 1/30 விநாடியில் அது ஏறத்தாழ 7 மி.மீ. நகரும், படம் கலங்கிவிடும். 1/200 விநாடியில் 1 மி.மீ. மட்டுமே நகரும். மீனைத் துரத்தாமல், அது அடிக்கடி வரும் இடத்தைக் குறிவைத்துக் காத்திருங்கள்.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று. 1985இல் ஈய விலை சரிந்தபின் கிந்தா பள்ளத்தாக்கில் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. லகாட், பத்து காஜா வட்டாரங்களில் அவை விட்டுச்சென்ற ஈயக்குட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். பேராக்கின் இத்தகைய குட்டைகளில் ஆப்பிரிக்கத் திலாப்பியா, தென் அமெரிக்கப் பீகாக் பாஸ் போன்ற அயல் மீன்களும் வாழ்கின்றன. அயல் மீன் பெருகினால் நம் மண்ணின் மீன்களுக்கு இரையும் இடமும் குறையும். எந்த மீன் எங்கே பரவியிருக்கிறது என்பதை அறியத் தெளிவான படங்கள் உதவும்.

குட்டைகள் ஆழமானவை, தனியே போகாதீர்கள். மாமாவோ தாத்தாவோ தூண்டிலில் பிடித்துவரும் மீனைச் சிறு கண்ணாடித் தொட்டியில் விட்டுப் பக்கவாட்டில் படம் எடுங்கள். துடுப்பு முட்களையும் செதில்களையும் எண்ணும் அளவுக்குத் தெளிவு வேண்டும். அளவுகோலைக் கண்ணாடியில் ஒட்டாமல், மீன் இருக்கும் தூரத்திலேயே நீருக்குள் வையுங்கள். இல்லையேல் மீன் சிறிதாகத் தோன்றும். நாளையும் இடத்தையும் மறவாமல் குறித்துவையுங்கள்.

இன்னொன்று: வளர்த்துச் சலித்த தொட்டி மீனை ஒருபோதும் குட்டையில் விடாதீர்கள்!