கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே

ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததும் அடுத்தவர் பதில் சொல்ல எவ்வளவு நேரமாகிறது? ஜப்பானியம், டேனிஷ், லாவோ உள்ளிட்ட 10 மொழிகளில் மக்கள் இயல்பாகப் பேசிக்கொண்டதை வீடியோவில் பதிவுசெய்து அளந்து பார்த்தார்கள் மொழியியல் ஆய்வாளர்கள். 2009இல் முடிவு வெளியானது. சராசரி இடைவெளி, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான்!

ஒரு சொல்லை யோசித்து வாய்திறக்கவே அரை நொடிக்கு மேல் ஆகும். ஆக, எதிரே இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயார்செய்யத் தொடங்கிவிடுகிறோம். எத்தனை அபாரமான திறமை இது!

இன்னொன்று: “வருகிறாயா?” என்று கேட்டால், “ஆமாம்” சட்டென வந்துவிடும், “இல்லை” சற்றே தயங்கித்தான் வரும். ஆராய்ந்த 10 மொழிகளிலும் இந்தப் போக்கு தெரிந்தது. முகம் பார்த்துக் கேட்டால், பெரும்பாலான மொழிகளில் பதில் இன்னும் விரைவாக வந்தது.