உங்களுக்குத் தெரியுமா? ஒரு காசில் ஓர் அரசர், இரண்டு பெயர்

கி.மு. 167-இல் கிரேக்கச் செலூக்கிய அரசை எதிர்த்துக் கிளம்பிய மத்தத்தியா என்ற யூத குருவின் வழிவந்தவர்கள் எருசலேமில் அமைத்த ஆட்சிக்கு எபிரேயத்தில் ‘ஹஷ்மோனாயிம்’ என்று பெயர். கிரேக்க எழுத்தில் ‘ஷ’ இல்லை. அதனால் வரலாற்றாசிரியர் யோசேப்பு கிரேக்கத்தில் எழுதும்போது அவர்களின் மூதாதையை ‘அசமோனையோஸ்’ என்றார். ஆங்கிலம் வழியாக நமக்கு வந்தது ‘ஹஸ்மோனியர்’.

தமிழ் விவிலிய வாசகர்களுக்கோ இவர்கள் ‘மக்கபேயர்’. உண்மையில் அது மத்தத்தியாவின் மகன் யூதாவின் பட்டப்பெயர். பின்னர் குடும்பம் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. மக்கபேயர் நூல்கள் இரண்டிலும் ‘ஹஸ்மோனியர்’ என்ற பெயரே வருவதில்லை!

இக்குடும்பத்து அரசர் அலெக்சாந்தர் யன்னாய் (கி.மு. 103–76) வெளியிட்ட சிறு வெண்கலக் காசு ஒன்றைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் பழைய எபிரேய எழுத்தில் ‘அரசர் யெஹோனாத்தான்’. மறுபக்கத்தில் நங்கூரம், சுற்றிலும் கிரேக்கத்தில் ‘அரசர் அலெக்சாந்தர்’. இருவரும் ஒருவரே. ‘யன்னாய்’ என்பது யெஹோனாத்தானின் சுருக்கம். கிரேக்கப் பண்பாட்டுத் திணிப்பை எதிர்த்து எழுந்த குடும்பம், சில தலைமுறைகளிலேயே கிரேக்கப் பெயர்களையும் சூடிக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவருக்குப்பின் அரியணை ஏறியவர் அவர் மனைவி. கிரேக்கத்தில் அலெக்சாந்திரா, சாக்கடல் சுருள்களில் ஷெலாம்சியோன். கி.மு. 67 வரை நாட்டை ஆண்டார்.