உஷார்! விரல் ரேகையில் மேதை தெரியாது

பெற்றோரே, குழந்தைக்குள் ஒளிந்திருக்கும் மேதையை விரல் ரேகை பார்த்துச் சொல்கிறோம் என்று யாராவது வந்தால், பணத்தைக் கட்டிவிடாதீர்கள். டி.எம்.ஐ.டி. என்ற பெயரில் பத்து விரல்களையும் ஸ்கேன் செய்து, வண்ண வண்ண ரிப்போர்ட் கொடுத்து, ஆயிரக்கணக்கில் கறக்கிறார்கள். எந்தப் பாடம் வரும், என்ன படிக்கவைக்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கும்.

அத்தனையும் பொய். ரேகை தாயின் வயிற்றிலேயே அமைந்துவிடுகிறது, பிறகு மாறுவதில்லை. அறிவோ பழகப் பழக வளர்வது. இந்தச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே எச்சரித்திருக்கிறது.

அடுத்த வலை, நடுமூளையை முடுக்கிவிடுகிறோம் என்னும் ‘மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்’. கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளை நிறம் சொல்லும், புத்தகம் வாசிக்கும். மூக்கோரத்துச் சந்து வழியாகப் பார்ப்பதுதான் சூட்சுமம். சந்தேகமா? புத்தகத்தை நெற்றிக்கு மேலே தூக்கிக் காட்டுங்கள். வித்தை அங்கேயே நின்றுவிடும். நடுமூளை எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே வேலை செய்கிறது; அதை யாரும் வந்து முடுக்கத் தேவையில்லை.

போன பணத்தைச் சம்பாதித்துவிடலாம். பிள்ளைக்கு நேரும் கேடுதான் பெரிது. தான் எட்டிப்பார்ப்பது அதற்குத் தெரியும். அம்மா அப்பா கைதட்டும்போது உண்மையைச் சொல்ல வாய் வராது. பொய்தான் பாராட்டு வாங்கித் தரும் என்று கற்றுக்கொள்ளும். ‘கணக்கு வராது’ என்று ரேகை ரிப்போர்ட் சொன்னால், கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையையும் வீடே கைவிட்டுவிடும்.

திறமையைக் கூட இருந்து கவனித்துத்தான் அறிய முடியும். பிள்ளை ஓயாமல் கேள்வி கேட்கிறதா? ஒரே விஷயத்தில் மணிக்கணக்கில் மூழ்குகிறதா? பாடம் முன்பே தெரிந்துவிட்டதால் வகுப்பில் சலித்துப்போய்க் குறும்பு செய்கிறதா? மதிப்பெண்ணை மட்டும் நம்பாதீர்கள். கணிதத்தில் மூழ்கிய ராமானுஜன் மற்ற பாடங்களில் தவறி எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தோற்றவர்.

முறையான மதிப்பீடு வேண்டுமென்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற உளவியலாளரிடம் போங்கள். அவர் தரும் ஐ.க்யூ. எண்ணும் கடைசித் தீர்ப்பு அல்ல. 1921-ல் அமெரிக்காவில் மேதைக் குழந்தைகளைத் தேடி உளவியலாளர் டெர்மன் தொடங்கிய ஆய்வில், ஐ.க்யூ. மதிப்பெண் போதாது என்று விடப்பட்ட ஷாக்லி, அல்வாரெஸ் என்ற சிறுவர்கள் இருவரும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஸ்கேனருக்குக் கொடுக்கவிருந்த பணத்தில் பிள்ளைக்குப் புத்தகம் வாங்குங்கள். வகுப்பைத் தாண்டிய கணக்குகளைக் கொடுக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். ரேகை வியாபாரிகள் பள்ளிக்குள் நுழைந்தால், பெற்றோர் ஒன்றுசேர்ந்து தலைமையாசிரியரிடம் எழுத்தில் எதிர்ப்பைக் கொடுங்கள். ஒரு குழந்தையின் விரலைக்கூட அவர்களிடம் நீட்ட விடாதீர்கள்!