பேஜ்மேக்கர் மீது பழி போடாதீர்கள்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும் அடித்துத் தரும் டி.டி.பி. கடைகளில் பேஜ்மேக்கர் 7 இன்னும் ஓய்வு பெறவில்லை. 2001இல் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருள் அது. அடோபி அதைக் கைகழுவி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவும் நின்றுவிட, புதுக் கணினி வாங்கும் நெருக்கடி இந்தக் கடைகளுக்கும் வந்திருக்கிறது. ‘புது பிராசஸர்ல அதெல்லாம் ஓடாது சார்’ என்ற பேச்சு சாதாரணமாகக் காதில் விழும். பிராசஸர் பாவம். 1978இன் 8086 சிப்பின் வழிவந்த கட்டளைகளை இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் இன்னமும் சுமந்துகொண்டிருக்கின்றன. கழற்றிவிடுவது இயங்குதளம்தான். 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களைச் சேர்ப்பதில்லை. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. பேஜ்மேக்கர் 7, 32 பிட் நிரல் என்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. மாட்டிக்கொள்வது அதனோடு ஓடிய பழைய பிரிண்டரும், தமிழ் மென்பொருளின் உரிமப் பூட்டான டாங்கிளும். அவற்றின் 32 பிட் டிரைவர்களை 64 பிட் விண்டோஸ் ஏற்காது.

இதற்கு வழி இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளை நிறுவி, அதற்குள் உரிமமுள்ள பழைய விண்டோஸைப் போட்டால், புதுக் கணினிக்குள்ளேயே பழைய கணினி ஒன்று ஓடும். யு.எஸ்.பி. டாங்கிளையும் அதற்குள் இணைக்கலாம். பேரலல் போர்ட் டாங்கிள் என்றால் திண்டாட்டம்தான். வேகம் குறையாதா என்பார்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து வேலைக்கு இன்றைய சாதாரண சிப்பே தாராளம். பாதுகாப்பு பற்றிய கேள்விதான் நியாயமானது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு ஆதரவு முடிந்துவிட்டதால், உள்ளே ஓடும் அந்தக் கணினிக்கு இன்டர்நெட்டே கொடுக்கக் கூடாது.

‘இவ்வளவு பாடு எதற்கு, அடோபியின் இன்டிசைனுக்கு மாறிவிடலாமே’ என்பது அடுத்த வாதம். புது வேலைக்குச் சரி. பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும் வசதியோ இன்டிசைன் சி.எஸ்.6 பதிப்போடு போய்விட்டது. பழைய இன்டிசைன் ஒன்றைப் பிடித்துத் திறந்தாலும் சிக்கல் தீராது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்தி ஒப்பேற்றின. பாமினியில் தட்டிய ‘தமிழ்’ என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். அதற்கு முன் அச்சுக்குப் போன கோயில் மலர்களும் சங்க வெளியீடுகளும் பெரும்பாலும் இப்படித்தான் பூட்டிக் கிடக்கின்றன.

ஆக, பழைய மென்பொருளை ஓடவைப்பது சோம்பேறித்தனமல்ல. அந்தப் பூட்டுக்கு இருக்கும் முக்கியமான சாவி அது. அப்படித் திறந்தெடுத்த தமிழை என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவிகள் யூனிகோடுக்கு மாற்றித் தரும். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள் சிதையும் என்பதால் புரூஃப் பார்த்தே ஆக வேண்டும். கடைக்காரர்களே, பழைய சி.பி.யு.வைக் காயலான் கடைக்குப் போடுமுன், கோப்புகளோடு எழுத்துருக்களையும் சேர்த்து இரண்டு இடங்களில் காப்பி எடுத்து வையுங்கள்.