பல்லழகு வியாபாரம்: ஒருமுறைச் செலவல்ல

பல்லின் முன்புறத்தில் ஒட்டப்படும் மெல்லிய ஓடே வெனியர். 1920களின் இறுதியில் ஹொலிவூட் நடிகர்களுக்குத் தற்காலிகமாகப் பொருத்தப்பட்ட இது, இன்று துருக்கியில் ஹோட்டல் தங்குமிடத்துடன் சேர்த்து விற்கப்படும் பெரும் வியாபாரம். நம் இளைஞர்களும் விலை விசாரிக்கிறார்கள்.

விலையை விட முக்கியமான கணக்கொன்று உண்டு. பீங்கான் வெனியர் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் எனாமலை அரை மில்லிமீற்றர் அளவில் அராவி எடுப்பர். எனாமல் மீண்டும் வளராது. பீங்கான் ஓடு சுமார் 10 முதல் 15 வருடங்களே நீடிக்கும். கொம்போசிட் அதைவிடக் குறைவு. 25 வயதில் ஒட்டுபவர் 65 வயதுக்குள் இரண்டு மூன்று தடவையாவது மாற்ற நேரிடும். ஆகவே இது வாழ்நாள் செலவு.

வெனியர் என்று சொல்லி, பல்லைச் சுற்றிலும் குறைத்து முழு உறை போடுவோரும் உள்ளனர். அதில் பல் நரம்பு பாதிக்கப்படும் அபாயம் அதிகம்.

அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவதை ஹதீஸ் கண்டிக்கிறது. குறைபாட்டுக்கான சிகிச்சை வேறு. உலமாக்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

முற்பணம் கட்டுமுன், இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற பல் வைத்தியர்தானா என்று பாருங்கள். எவ்வளவு அராவுவார், உடைந்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் பெறுங்கள். நிறம் மட்டுமே குறையென்றால், சுத்தம் செய்து வெண்மையாக்கினாலே பலருக்குப் போதும்.