சொத்து வரி சரிதானா? எக்ஸெல்லில் பார்த்துவிடலாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் எக்ஸெல்லைத் திறந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஆபீஸ் வேலைக்கு" என்று மூடிவிடுகிறார்கள். சொந்த வீடு உள்ள எவருக்கும் பயன்படும் ஒரு கணக்கை அதில் போட்டுப் பார்ப்போமா?

சென்னையில் சொத்து வரியை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என இரண்டு அரையாண்டுகளாகக் கட்டுகிறோம். 2022ல் தமிழக அரசு இந்த வரியை உயர்த்தியபோது, வீட்டின் பரப்பளவுக்கு ஏற்ப உயர்வு மாறியது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரை 50 சதவீதம். 601 முதல் 1,200 வரை 75. 1,201 முதல் 1,800 வரை 100. அதற்கு மேல் 150. 2011ல் சென்னையுடன் இணைந்த பகுதிகளுக்கு இதே வரிசையில் 25, 50, 75, 100 சதவீதம்.

ப்ரோகிராமில் தவறு தேடும்போது நான் முதலில் பார்ப்பது இப்படிப்பட்ட எல்லை எண்களைத்தான். இங்கேயும் அதையே செய்வோம்.

எக்ஸெல்லில் புதிய ஷீட் ஒன்றைத் திறந்து, முதல் வரிசையில் பரப்பளவு, பழைய வரி, உயர்வு, புதிய வரி என்று தலைப்பிடுங்கள். பழைய வரி என்பது 2022 உயர்வுக்கு முந்தைய ரசீதில் உள்ள அரையாண்டுத் தொகை. உதாரணத்துக்கு, இரண்டாம் வரிசையில் 1190, 1000, 75 என்றும், மூன்றாம் வரிசையில் 1210, 1000, 100 என்றும் டைப் செய்யுங்கள். கமாவோ 'ரூ.' என்ற எழுத்தோ வேண்டாம்.

இப்போது டி2 செல்லில் க்ளிக் செய்து, =பி2+பி2*சி2/100 என்ற ஃபார்முலாவைக் கொடுங்கள் (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்). என்டர் தட்டினால் 1750 வரும். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்து ஒரு செல் கீழே இழுத்தால் 2000 வரும்.

வெறும் 20 சதுர அடி வித்தியாசம். அரையாண்டுக்கு 250 ரூபாய் கூடுதல்! இது அதோடு நிற்காது. 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் 6 சதவீத உயர்வுக்கு ஒப்புதல் தந்தது. டி2, டி3 இரண்டையும் 1.06ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1855, 2120. வித்தியாசம் 265 ஆகிவிட்டது. அடிப்படை எண் தவறாக இருந்தால், ஒவ்வொரு உயர்வும் அந்தத் தவறின் மேல்தான் ஏறும்.

ஆகவே, தொகையைப் பார்க்கும் முன் பரப்பளவைப் பாருங்கள். வரி விதிப்பு நோட்டீசில் உள்ள சதுர அடியும், உங்கள் பத்திரத்திலும் அனுமதி வரைபடத்திலும் உள்ள கட்டடப் பரப்பும் ஒத்துப்போகின்றனவா? அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், பிரிபடாத பாகம் என்று எழுதியிருப்பது நிலத்தின் அளவு. அதைக் கட்டடப் பரப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2022க்குப் பிறகு கட்டிய வீட்டுக்குப் பழைய வரி கிடையாது என்பதால் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. ஆனால் பரப்பளவை அவர்களும் சரிபார்த்தே ஆக வேண்டும்.

எண் மாறியிருந்தால், ஆவண நகல்களை இணைத்து மண்டல அலுவலக வருவாய்த் துறையில் எழுத்து மூலம் மனு கொடுங்கள். ஒப்புகை பெற மறக்காதீர்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஷீட்டை சேவ் செய்துவிட்டு வரியைக் கட்டிவிடலாம். அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. அதிகபட்சம் 5,000 ரூபாய்.