கத்திக்கு முன் கணக்கு!

உடல் பருமனைக் குறைக்க இரைப்பையில் ஆபரேஷன் செய்கிறார்கள். ஒரு முறையில், இரைப்பையில் சுமார் முக்கால் பங்கை வெட்டி எடுத்து விடுவார்கள். வெட்டியது திரும்ப வளராது. ஆகவே, ஆபரேஷனுக்கு முன்பே உணவு நிபுணரைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

வெறுங்கையோடு போகலாமா? கூடாது. ஒரு வாரம் சாப்பிட்டதை எல்லாம் நோட்டில் எழுத வேண்டும். இட்லி எத்தனை, காபி எத்தனை தடவை, ராத்திரி கொறித்த முறுக்கு எத்தனை? எதையும் விடக் கூடாது. மருந்துச் சீட்டும், ரத்தப் பரிசோதனைச் சீட்டும் வேண்டும்.

மறைத்தால் என்ன?

வெட்கப்பட்டு மறைத்தால் நஷ்டம் நோயாளிக்குத்தான். சர்க்கரை போட்ட காபியும் குளிர்பானமும் சிறிய இரைப்பையிலும் சுலபமாக இறங்கி விடும். இளைத்த உடல் மறுபடி பருக்கும்.

ஆபரேஷனுக்கு முன் சுமார் 2 வாரம் உணவைக் குறைக்கச் சொல்வது உண்டு. ஏன்? கல்லீரலில் உள்ள கொழுப்பு குறைந்து, அது சுருங்கும். அதன் அடியில் உள்ள இரைப்பை, டாக்டருக்கு எளிதில் எட்டும்.

பிறகு என்ன செய்வது?

கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். நன்றாக மெல்ல வேண்டும். சாப்பாட்டின் நடுவே தண்ணீர் குடிக்கக் கூடாது. வைட்டமின் மாத்திரை ஆயுள் முழுவதும் வேண்டும்.

வீட்டில் சமைப்பவரையும் கூட அழைத்துப் போவது நல்லது. நாளைக்கு உலை வைப்பவர் அவர்தானே!